மடுவுக்குப் போற நாள் வேகம்

மெற்றில்டா,

நீ நண்டுக் கொம்பனியை விட்டு மூண்டு கிழமை. இலக்குத் தவறின நாளுக்கெல்லாம் சுவரில உன்ர பேருக்கு நேர ஒட்டின சிவப்புப் பொட்டுகளை இன்னும் கழட்டேல்லை. பார்க்கவே அருவருப்பா இருக்கு.

கொழும்புத் தலைமைக் கந்தோரில இருந்து வந்தவர் மணிக்கூட்டோட நிண்டு உங்கட வேகத்தை அளந்தது மடு மாதா கோயில் திருவிழாவுக்கு முதல் நாள். ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவேணும் எண்டு எல்லாரும் விழுந்தடிச்சு ஆளுக்கு மணித்தியாலத்துக்கு ஒண்டரைக் கிலோ நண்டுச் சதை எடுத்தனீங்கள். இப்ப அதுதான் ஒவ்வொரு நாளும் இலக்கு. இதுக்குப் பேர் முன்னேற்றமாம். நண்டுக் கோது குத்தி உன்ர விரல் சீழ் பிடிச்ச கிழமையும் அந்த இலக்கு ஒரு கிராம் இறங்கேல்லை.

நேற்று எனக்குச் சிறந்த மேற்பார்வையாளர் எண்டு கேடயம் தந்தவை. வீட்டில அலுமாரிக்கு மேல வைக்க மனம் வரேல்லை. குசினிக்குப் பின்னால கிடக்கு.

இந்தக் கணக்கு எங்க இருந்து வந்தது எண்டு போகேக்க நீ கேட்டனீ. இப்ப சொல்லுறன். அண்டைக்கு அளந்து முடிய அவர் என்னட்டத்தான் கேட்டவர், "இவை எப்பவும் இந்த வேகமோ?" எண்டு. விளங்கப்படுத்த நிண்டால் எனக்கும் பஸ் போயிடும். ஓம் எண்டு சொன்னனான்.

அந்த பஸ்ஸில நீ இடம் பிடிச்சு வைச்சதால
நிக்காமல் இருந்துகொண்டு வந்தவள்