ஒண்ணு வெளியே இருக்கு

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும், கைக்கு எட்டும் தூரத்தில் நான் இருந்திருந்தால் ஒரு குட்டுக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பியும், இந்த வீட்டின் ஒரே தலைவலியுமான வாலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எனக்கு மீசை முளைத்துவிட்டது. தமுக்கு அடித்துச் சொல்ல ஆள் கிடைக்காததால் கடிதம் மூலம் தெரிவிக்கிறேன். அம்மாவிடம் காட்டினேன். "போய் மூஞ்சியக் கழுவிட்டு வாடா" என்றாள். பெரிய மனிதர்களுக்குச் சொந்த வீட்டில் மரியாதை கிடைப்பதில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எங்கே பேசுகிறாய் நீ? அம்மா எடுத்தால் "எல்லாரும் நல்லா இருக்கீங்களா, சரி வெச்சிடுறேன்." நான் எடுத்தால் "படிக்கிறியா?" அப்பா எடுத்தால் வெறும் மூச்சு, பிறகு அதுவும் இல்லை. அதனால்தான் கடிதம். காகிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் அப்பா இத்தனை வருடம் விமானப்படைப் பட்டறையில் கடைசல் பிடித்தார் அல்லவா, அந்தக் கடைசலுக்கும் கடைசி நாள் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஓய்வு. உடனே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அடுத்து வரப்போகிறவர் பெயின்டரோடு வந்து சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். சமையலறைச் சுவரைப் பார்த்ததும் பெயின்டர் சிரித்துவிட்டார். "இது என்ன சார், கரண்டிக்கெல்லாம் பேய் பிடிச்சிருக்கு?" அப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு கோட்டிங் அடிங்க, இல்லன்னா கறுப்பு தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சுவரை நீ மறந்திருக்க மாட்டாய். நீ மெக்கானிக்காக விமானங்களைப் பழுது பார்த்த ஹேங்கரில், கருவிப் பலகையில் இருக்கிற மாதிரியே, கரண்டிக்குக் கரண்டி வடிவில், கத்தரிக்கோலுக்குக் கத்தரிக்கோல் வடிவில் கறுப்பு நிழல்கள். பொருளை எடுத்தால் நிழல் மட்டும் நிற்கும். எது இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விமானத்துக்குள் ஒரு ஸ்பேனரை மறந்து விட்டுவிட்டால் அது ஆளைக் கொன்றுவிடும், அதனால் அங்கே அது சட்டம். இங்கே எதற்கு என்று அம்மா கத்துவாளே, "கரண்டிய உள்ள மறந்துட்டா என் சட்டி என்ன கீழ விழுந்துடுமா?" என்று. இப்போது அந்தக் கேலியை அவள் செய்வதில்லை. விழுவதைப் பற்றி இந்த வீட்டில் யாருமே பேசுவதில்லை.

ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் குறைந்தது என்று அப்பா வாசலில் குறுக்கே நின்று, நாம் ரயிலையே விட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு கருவி கொறஞ்சா ஒருத்தரும் கேட்டைத் தாண்டக் கூடாது." கடைசியில் அது என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. அந்தக் குட்டு இன்னும் வலிக்கிறது.

இப்போது அந்தச் சுவரில் ஒரே ஒரு நிழல் காலியாக இருக்கிறது. சின்ன டார்ச். நீ போன நாளிலிருந்து.

அம்மா புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். "அது வேற டார்ச்சு" என்று அப்பா அதை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார். ஹேங்கரில் மெக்கானிக்குகள் நீங்கள் உங்கள் எண் போட்ட பித்தளை வில்லையைக் கருவியின் ஆணியில் மாட்டிவிட்டுத்தானே எடுப்பீர்கள், நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோது திருப்பிக் கொடுத்த வில்லைகளில் ஒன்றை ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கி வந்து டார்ச் ஆணியில் மாட்டினார். தினமும் சாப்பிட்டு முடித்ததும் சுவர் முன்னால் நிற்பார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். உன் வில்லையைத் தொடும்போது "ஒண்ணு வெளியே இருக்கு" என்பார். கணக்கு முடியாமல் ஹேங்கரில் விளக்கை அணைக்க மாட்டார்கள் அல்லவா? நம் சமையலறை விளக்கும் அணைவதில்லை. அதற்கும் அம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா, அந்த நாளைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

உன் பைலட், அந்த விசில்காரர், வாசலில் விசில் அடித்தால் நீ முதலில் கண்ணாடிக்கு ஓடுவாய், பிறகுதான் கதவுக்கு. அதனால்தான் அவரைப் போலவே விசில் அடித்து உன்னை ஓடவிடுவேன். அவர் விமானம் திரும்பி வராத பிறகு நான் விசில் அடித்ததே இல்லை. ஒரு தடவை பழக்கத்தில் வாயைக் குவித்தேன். காற்றுகூட வரவில்லை.

அப்பா கடைந்த ஒரு இரும்புப் பின்னை அந்த விமானத்தில் நீதான் மாட்டினாய். அது திரும்பவில்லை என்று தெரிந்ததும் நீ பட்டறைக்கு ஓடி, எல்லார் முன்னாலும் "அப்பா, அளவு சரிதானா?" என்று கேட்டாய். அப்பா பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. விசாரணையில் பறவை மோதியதுதான் காரணம், யார் மேலும் தவறில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் நீ அவர் முகத்தைப் பார்க்காமலே எங்கோ ஒரு மேஜை வேலைக்குப் போய்விட்டாய். இப்போது ஸ்பேனரைக்கூடத் தொடுவதில்லையாம்.

உனக்குத் தெரியாத ஒன்றை ஸ்டோர்காரர் என்னிடம் சொன்னார். கடலிலிருந்து எடுத்த விமானத் துண்டுகளில் அந்த இரும்புப் பின்னும் இருந்ததாம். அப்பாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்களாம். அவர் அதைத் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்து, அதிகாரிகள் முன்னால் அளந்தாராம். அளவு சரியாக இருந்ததாம். அப்போதுதான் அழுதாராம். தப்பு தன் மேலேயே இருந்திருந்தால் உன் கேள்விக்கு ஒரு பதிலாவது இருந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு அந்த அளவுக்குப் புரியவில்லை.

ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன். "அக்கா அப்படிக் கேட்டது தப்புதானேப்பா?" அப்பா என்னை முறைத்தார். "யாருடா சொன்னது? மெக்கானிக் கேக்க வேண்டியத அவ கேட்டா. கேக்காம விட்டிருந்தாத்தான் எனக்கு வலிச்சிருக்கும். சரிதான்மான்னு சொல்லாம மரம் மாதிரி நின்னேன் பாரு, அதச் சொல்லு." இதை உன்னிடம் அவரே சொல்ல வேண்டும். அவர் குரல் கேட்டதும் நீ வைத்துவிட்டால் எப்படிச் சொல்வார்?

நீ போன பிறகு இந்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஒரே ஆள் நான்தான். எல்லாரையும் தாங்கிப் பிடிக்கிற தூண். இப்படி எழுதி மார்தட்டத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் டார்ச் விஷயத்தைப் படித்தபோதே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும், நான் அதை எடுக்கவே இல்லையேடா என்று.

நீ எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

நீ பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்து என் ஷூவுக்குள் ஒளித்தேன். ஒன்று குறைந்தால் அப்பா வாசலில் குறுக்கே நிற்பார், பஸ் போய்விடும் என்று நினைத்தேன். ரயிலையே விட்டவர் அல்லவா? அப்பா சுவரைப் பார்த்தார். காலி நிழலைப் பார்த்தார். பிறகு உன் பையைப் பார்த்தார். நான் ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வழிவிட்டார். நீ தெருவைத் தாண்டிய பிறகு அம்மாவிடம் சொன்னார்: "எறங்குறப்ப இருட்டிடும். எடுத்துட்டுப் போகட்டும். வைக்கிறதுக்கு வருவா இல்ல?"

அப்பாவிடம் இப்போதே உண்மையைச் சொல்லி, குட்டு வாங்கிக்கொண்டு, டார்ச்சை மாட்டிவிடலாம். எத்தனையோ தடவை அந்த ஆணி வரைக்கும் போனேன். மாட்டினால், நீ இங்கிருந்து எதையுமே எடுத்துப் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு எதை எண்ணிக்கொண்டு நிற்பார்?

அதனால் அக்கா, பெயின்டர் வருவதற்குள் ஒரே ஒரு தடவை வா. தெருமுனையிலேயே டார்ச்சை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். நீ உள்ளே போய் மாட்டிவிட்டு உன் வில்லையைக் கழற்றிக்கொள். நீ எடுத்துப் போனதாகவே இருக்கட்டும். இந்த ஒரு பழியை மட்டும் எனக்காகத் தாங்கிக்கொள். அப்பா கணக்கை முடித்து, அவர் கையாலேயே விளக்கை அணைக்கட்டும்.

டார்ச் எரியாது. ஏன் என்று கேட்காதே. சரி, சொல்கிறேன். போர்வைக்குள் அதை எரியவிட்டு உன் போட்டோவைப் பார்த்துப் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டது. போட்டோவும் கொஞ்சம் நனைந்துவிட்டது. தூண் ஒழுகுகிறது என்று யாரிடமும் சொல்லாதே. வரும்போது புது பேட்டரி வாங்கி வா.

அம்மா சொன்னதுதான் சரி. முகத்தைக் கழுவினேன், மீசை போய்விட்டது. அது அப்பாவின் பட்டறைச் சட்டையில் முகம் புதைத்தபோது ஒட்டிய கிரீஸ்.

நீ நன்றாக இரு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
மீசை இல்லாத உன் தம்பி,
வாலு