ஒரே வரிசையில் பத்து விளக்குகள்

ஜூன் 11, புதன்.

விண்வெளியைச் சுற்றிக் காட்டும் மென்பொருளுக்காக நான் கணினியில் செய்த கற்பனைக் கோளை நேற்று இணையத்தில் ஏற்றினேன். மலையும் மேகமும் யாருக்கும் உறுத்தவில்லை. அதன் இரவுப் பக்கத்தில் நான் வைத்த விளக்குகள்தான் உறுத்தின. எந்த நாட்டுக்காரரோ, ஒருவர் இன்று எழுதியிருந்தார்: பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன, மனிதர்கள் அப்படிக் குடியிருக்க மாட்டார்கள், படத்தில் பிழை இருக்கிறது, திருத்துங்கள்.

ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் தேயிலைத் தோட்ட லயத்தை அவர் எங்கே கண்டார்? பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

சாயங்காலம் குவைத்திலிருந்து அம்மா பேசினாள். வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. படத்தை அனுப்பியதும் சிரித்துவிட்டாள்.

"டேய், இது நம்ம லயம்ல? பொகவந்தலாவ பஸ்ஸுல வாறப்ப இப்படித்தானே தெரியும். மூணாவது லைட்டு நம்ம வீடு. அங்க தனியா என்னத்தடா சாப்புடுற?"

சோறு ஆக்கினேன் என்று பொய் சொன்னேன்.

அப்புறம் விளக்குகளைக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆள் சொன்னது சரிதான், இப்போது நிஜக் கோள் மாதிரியே இருக்கிறது. எங்கள் வீடு எதுவென்றுதான் எனக்குத் தெரியவில்லை.