ஜன்னல் எந்தச் சுவரில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிளாஸ்மா டிவியா, எல்.சி.டி.யா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் நாலு வீட்டுச் சுவரில் டிவி மாட்டுகிறவனிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்மாவில் படம் அழகு, ஆனால் முகப்பு கண்ணாடி. போன வாரம் வெயில் விழும் ஒரு ஹாலில் மாட்டினேன். படத்தைவிட எதிர் ஜன்னல்தான் பளிச்சென்று தெரிந்தது. கழற்றும்போது கட்டைவிரல் நசுங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, பேனா பிடிக்க முடிகிறது பாருங்கள். "முதல்ல ஜன்னலப் பாரு, அப்புறம் டிவியப் பாருன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று சூப்பர்வைசர் திட்டினார்.

ஜன்னல் எதிரில் இருந்தால் எல்.சி.டி., இல்லையென்றால் பிளாஸ்மா. அவ்வளவுதான் கணக்கு.

அதற்காக நம் ஹாலை நினைத்துப் பார்த்தேன். உங்கள் நாற்காலி தெரிகிறது, அதன்மேல் அம்மா போடும் துண்டும் தெரிகிறது. ஜன்னல் எந்தச் சுவரில் என்று மட்டும் பிடிபடவில்லை. ஊரைவிட்டு இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஹாலை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். டிவிக்கு ஹால் போதும். முடிந்தால் வீடு முழுவதையும் வரையுங்கள். வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகன்