வாரியல் சண்டை

12 ஜூன் 2024, புதன்

இன்று மூன்று ஜாக்கெட் தைத்தேன், ஒரு தடவை புருசனை அடித்தேன். அடித்தது வீடியோவுக்கு. என் வீட்டுக்காரர் மகாராஜன் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவார். நான் வீடு பெருக்கும் வாரியலை எடுத்து முதுகில் நாலு போடுவேன். எங்கள் 'ஏரல் ஜோடி' சேனலை எண்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஜவுளிக்கடையில் ஒரு பெண் என் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கையாலயா அண்ணன அடிக்கீய?" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது.

16 ஜூன், ஞாயிறு

சினிமாக்காரர்கள் போன் செய்தார்கள். வீடியோ போட்டே புகழ் தேடுகிற ஒரு ஜோடியைக் கிண்டல் செய்யும் நகைச்சுவைப் படமாம். நம் ஆற்றங்கரையில்தான் எடுக்கப் போகிறார்களாம். எங்களை நடித்துக் காட்ட வரச் சொன்னார்கள். இவர் உடனே தலைக்குச் சாயம் பூசிவிட்டார். காதிலும் கொஞ்சம்.

19 ஜூன், புதன்

இயக்குநர் மார்ட்டின் தூத்துக்குடிக்காரர், அதிகம் பேசாத மனுஷர். தினமும் போடுகிற சண்டையைத்தான் போட்டுக் காட்டினோம். கன்னத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெசமான புருசன் பொண்டாட்டி மாதிரி இல்லியே."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.

24 ஜூன், திங்கள்

சென்னையிலிருந்து வேறு ஜோடி வந்துவிட்டது. அந்த நடிகைக்கு நம் ஊர்ப் பேச்சும் வாரியல் பிடிப்பதும் சொல்லித்தருவது என் வேலை. இவருக்கும் ஒரு வேடம் உண்டு: அடிபட்டுக் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் செல்போனில் படம் பிடிக்கிற ஆள். "ஒரே டேக்ல ஓகே ஆயிட்டு" என்றார். சிரித்துவிடாமல் இருக்கச் சோற்றுப்பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

3 ஜூலை, புதன்

நடிகைக்கு எழுதிக் கொடுத்திருந்த வசனம்: 'நீ என்னை மதிப்பதே இல்லை.' எங்கள் ஊரில் எவள் இப்படிப் பேசுவாள்? நான் சொன்னேன்: "எந்திச்சதுலருந்து போனத்தான் பாக்கீய. அதுக்கே ஒரு தாலியக் கெட்டுங்க, நான் வந்து ஆரத்தி எடுக்கேன்." மார்ட்டின் எழுந்து வந்தார். "இன்னொருக்கா சொல்லுங்கக்கா." சாயங்காலத்துக்குள் அரை நோட்டு வசனம் எழுதிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். இவர் "ம்" என்றார்.

5 ஜூலை, வெள்ளி

நேற்று அந்தக் காட்சி எடுக்கும்போது இவர் ஒளிந்திருந்து படம் பிடித்து, எங்கள் சேனலில் போட்டுவிட்டார். எனக்குப் பேர் கிடைப்பது பொறுக்கவில்லையா? மதியம் படக் கம்பெனி மானேஜர் என் நோட்டை வாங்கிக்கொண்டு, "நாளைலருந்து வர வேண்டாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன் — கேட்டேன் என்று எழுதக் கூடாது, கத்தினேன். என் ஆயுசுல ஒருத்தராவது இன்னொருக்கா சொல்லுன்னு கேட்டிருக்காவளா, அதயும் கெடுத்துட்டீரே, நீரெல்லாம் மனுசனாவே… அழுதுவிட்டேன். இவர் கை பைய போனைத் தூக்கியது.

6 ஜூலை, சனி

அதையும் போட்டிருக்கிறார். பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'அக்கா நடிப்பு இன்னைக்கு வேற லெவல்.' கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

நான் அழுததுதானே அது?

7 ஜூலை, ஞாயிறு

களக்காட்டில், அக்கா முத்துராணி வீட்டில் இருக்கிறேன். துணி வெட்டுகிற கத்தரியை மட்டும் எடுத்து வந்தேன்.

13 ஜூலை, சனி

இவர் வந்தார். உள்ளே விடுவதற்கு முன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டச் சொன்னேன். போன் இல்லை. சேனலையே மூடிவிட்டாராம்.

"மார்ட்டின்ட்ட போனேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான் திருட்டுத்தனமா எடுத்தேன், வேணும்னா என் சீன வெட்டிருங்கன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"வெட்டிட்டாரு."

அதைச் சொன்னபோது இவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றாள். இலை போட்ட பிறகுதான் மிச்சத்தையும் சொன்னார்: "திங்கக்கிழம ஒன்ன வரச் சொன்னாரு."

14 பிப்ரவரி 2025, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. திருநெல்வேலியில் பார்த்தோம். போனுக்குத் தாலி கட்டச் சொல்கிற இடத்தில் தியேட்டரே சிரித்தது. முன் வரிசையில் ஒருத்தி புருசன் தோளில் இடித்து, "ஒங்களத்தான் சொல்லுதா" என்றாள். இவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஓடுகிற எழுத்தில் என் பேர், 'வசன உதவி: தேன்மொழி.' ஒரே நொடி. எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். "மறைக்காதீயவே, ஒக்காருங்க" என்று இவர் போட்ட சத்தத்தில் நாலைந்து பேர் பயந்து உட்கார்ந்தேவிட்டார்கள்.

2 மார்ச், ஞாயிறு

மார்ட்டினின் அடுத்த படத்துக்கு முழு வசனமும் நான். காலையில் எழுத உட்கார்ந்தேன். இவர் தோசை சுட்டுக்கொண்டே, "அந்த எடத்துல இப்பிடி வச்சா என்ன?" என்று நாலு தடவை யோசனை சொன்னார். ஐந்தாம் தடவை நான் பேனாவை மூடிவைத்தேன். சண்டை வரப்போகிறது என்று இவருக்கும் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தார். போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "ம், இப்பம் சொல்லு" என்றார்.