பதினாறு டெராபைட்டுக்கு அப்பால்

இன்று காலை அலுவலகத்துக்குப் புது டிஸ்குகள் வந்தன. உறையைக் கிழித்ததும் எழுந்த வாடை உன்னை நேரே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. உனக்கு அது பிடிக்கும். "புது நோட்டு மாதிரி இருக்குட்டி" என்பாய். நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது.

அப்போதெல்லாம் அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறும் நான் சேரன்மகாதேவியில் ஏறும் உனக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். பாளையங்கோட்டையில் மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில், டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு நிரல் எழுதுவது நான், சோதிப்பது நீ. ஒரு மருத்துவமனை தன் ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் இருபத்துநான்கு டெராபைட்டில் ஒரே வால்யூமாக, பிரிக்காத ஒரே சேமிப்பிடமாக, வைக்கக் கேட்டது. நம்முடையதோ பதினாறைத் தாண்டாது. டிஸ்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டல்லவா, அதை எழுத ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அதற்குமேல் எண்களே இல்லை. அந்த இடத்தை அகலமாக்குவது என் வேலை. இரண்டு மாதம் உட்கார்ந்து மாற்றினேன். முடிந்தது என்று சென்னையில் இருந்த மேலாளரிடம் சொல்லியும் விட்டேன்.

நீ மட்டும் முடியவில்லை என்றாய். வால்யூமைப் பதினாறுக்குமேல் நிரப்பி, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவாய். திரும்பப் போட்டதும் ஏதாவது ஒரு ஃபைல் கெட்டிருக்கும்.

"இப்படிப் புடுங்கிக்கிட்டே இருந்தா எதுதான் நிக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"நம்ம ஊர்ல கரண்ட் போவாதுன்னு எழுதித் தருவியா?" என்றாய். பிறகு பைய என் பக்கம் திரும்பினாய். "கெட்டுப்போனது இப்ப எழுதுத ஃபைல் இல்லட்டி. மொத நாள் போட்டது. அத யாரும் தொடவே இல்ல."

இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜர்னல் பகுதியைத் திறந்தேன். எதையும் டிஸ்கில் எழுதும் முன், எந்தக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறோம் என்று குறித்துக்கொள்ளும் பதிவேடு அது. கரண்ட் போய் வந்தால் அதைப் பார்த்துத்தான் விட்ட வேலையை முடிப்பது. அங்கே ஒரே ஒரு இடத்தில் எண்ணைப் பழைய அளவிலேயே விட்டிருந்தேன். பெரிய எண் தலை அறுந்து சின்ன எண்ணாகி, புது ஃபைல் பழைய ஃபைலின் மேலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. உன்னிடம் காட்டினேன். "அப்பாடா" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் தொலைபேசியில் கேட்டார், டெஸ்டிங் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று. நீ என்னைப் பார்த்தாய். நான் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒரு வாரம் வேணும் சார்" என்றாய். அவர் சொன்ன கடுஞ்சொல் எல்லாவற்றையும் நீயே வாங்கிக்கொண்டாய்.

பஸ்ஸில் உன்னிடம், "நாந்தான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா, சொல்லியிருக்கணும்."

அதன்பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பத்தமடை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். "சரி, விடு. கண்டுபிடிச்சாச்சுல்லா. ஒருத்தர் படத்துமேல இன்னொருத்தர் படம் ஏறிக் கெடந்தா டாக்டர் என்னத்தப் பாத்து மருந்து குடுப்பாரு?"

அதே மருத்துவமனைக்கு நீயே நோயாளியாகப் போவாய் என்று யார் நினைத்தது. முதல் வருடம் ஸ்கேனுக்குத் தனியாகப் போனாய், இரண்டாம் வருடம் உன்னோடு நானும் வந்தேன். டாக்டர் போன வருடத்துப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "போன வருசத்துப் படம் அப்படியே இருக்கு, பாத்தியா" என்று என் காதருகில் சொன்னாய். புதுப் படத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிடித்திருக்க வேண்டியவள் நான்.

போன மாதம் இன்னும் பெரிய வால்யூம் ஒன்றில் நான் போட்ட கணக்குத் தவறாகி, வேலை நின்றது. கூட்டத்தில் எல்லோரும் சோதித்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "தப்பு என்னோடது, நாந்தான் கவனிக்கல" என்றேன். யாரும் திட்டவில்லை. எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார்கள், சொன்னேன், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் அன்றைக்கு உனக்குத் தராமல் போனேன். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.