ரக்பியை நிறுத்திய கடிதம்

வாழ்நாளெல்லாம் நான் பெயர் சொல்லி அழைத்திராத என் அன்பானவருக்கு,

நீங்கள் கண்மூடிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்கு எழுத இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வயதின் மேல் பழி போடலாம். ஆனால் அது பயம்தான்.

நேற்று செல்லையன் வந்திருந்தார். உங்கள் ரக்பி அணியில் முன்வரிசையின் நடுவில் நின்றவர், பண்ணையாள் மாரிமுத்துவின் மகன். ‘வந்திருந்தான்’ என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். இப்போது அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், பேரன் பேத்தி எடுத்தவர்.

பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு ‘நம் பள்ளியில் ரக்பி’ என்ற கட்டுரையை அவர்தான் எழுதுகிறார். பிழை பார்க்கச் சொல்லி எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு சந்திப் பிழைகள் இருந்தன, சொன்னேன். தொடக்கம் நன்றாக இருந்தது. கண்டியில் படித்து, அங்கேயே அந்த ஆட்டத்தைக் கற்று, இங்கே உடற்பயிற்சி ஆசிரியராக வந்த நீங்கள், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த முட்டைப் பந்தை எடுத்த நாள் அதில் அப்படியே இருக்கிறது.

“சார், இது பந்தா, பப்பாளிக்காயா?”

“பந்த பின்னால குடுத்துட்டு ஆளு மட்டும் முன்னால ஓடணுமா? எந்த ஊரு நியாயம் சார் இது?”

“மொதல்ல ஓடுடா. நியாயத்த அப்புறம் பேசு.”

ஐப்பசி மழையில் மைதானம் நாற்றங்கால் போலக் கிடக்கும். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் சறுக்கி விழுவார்கள். நடவு வயலில் வளர்ந்தவர்கள் சேற்றில் நட்டாற்போல் நிற்பார்கள். தோளோடு தோள் கோத்துக் குனிந்து தள்ளுவதற்கு நீங்கள் சொன்ன ஆங்கிலப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. போரடிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டுவதுபோல் இருக்கிறதென்று ‘பிணையல்’ என்றார்கள். உங்களுக்கும் அதுவே பிடித்துப்போனது.

யார் எங்கே நிற்பதென்று நீங்கள் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தீர்கள். எந்த வருஷத்தில்? ஆட்சி மாறி, கூலி உயர்வு கேட்டுப் பண்ணையாட்கள் வயல் வயலாகச் செங்கொடி நட்டு, வெளியூர் ஆட்களைக் கொண்டு வந்து போலீஸ் காவலில் அறுவடை நடந்த வருஷத்தில். பெரிய பண்ணையின் பிள்ளை இரண்டாம் வரிசைக்கு வந்தான். அந்த வரிசையில் நிற்பவன் முன்னால் நிற்கும் இருவரின் இடுப்புகளுக்கு நடுவே தலையைக் கொடுக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் செல்லையன். தெரியாமல் செய்தீர்களா, தெரிந்தேதானா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ரக்பி ஏன் நின்றது என்று சொல்லும் கடைசிப் பத்திக்கு வந்ததும் செல்லையன் பள்ளிக் கோப்பிலிருந்து எடுத்த ஒரு நகலை நீட்டினார். தலைமையாசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். “இவ்வளவு வேறுபட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து ஆட இது ஏற்ற விளையாட்டல்ல என்று கருதி, என் சொந்த விருப்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்கிறேன்.” கீழே உங்கள் கையெழுத்து.

“அம்பது வருசமா மனசுல இருக்கிற கேள்விம்மா,” என்றார். “பண்ணைக்குப் பயந்து ஸ்கூல்ல நிறுத்திட்டாங்கன்னுதான் வெளியில சொல்லிக்குவோம். ஆனா எங்களத் தொட்டு ஆடுறது சாருக்கே புடிக்காமப் போச்சோன்னு உள்ளுக்குள்ள ஒரு இது. இப்ப சாரே எழுதியிருக்காரே.”

“காபி ஆறுது, குடிங்க,” என்றேன்.

அதை எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் நீங்கள் விஷயத்தைச் சொல்வீர்கள், நான் கான்வென்ட் கையெழுத்தில் எழுதுவேன். ஷூவுக்கு நாடா கட்டியபடியே, படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள். “நீ எழுதினா கமாகூடச் சரியா இருக்கும். நான் என்னத்தப் படிக்க?”

அந்தக் கடிதத்துக்கு முந்தின நாள் மத்தியானம், நீங்கள் பள்ளியில் இருந்தபோது, பண்ணைவீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தப் பிள்ளையின் அப்பா. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“சாரு தங்கமான மனுசன். வெளியிலேருந்து வந்தவரு, இங்க உள்ள வழக்கம் தெரியல. எங்க புள்ள தலைய எங்க வச்சிக்கிட்டு நிக்கிறான்னு பார்த்தேம்மா.” சிரித்தார். “ஒங்க பாப்பா வாய்க்கால் கரையோடதானே பள்ளிக்கூடத்துக்குப் போவுது? தண்ணி நெறைய வருது. பார்த்து அனுப்புங்க.”

அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன். சொன்னால் மறுநாளே அந்தப் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தியிருப்பீர்கள். நம் ஸ்டெல்லாவுக்கு அப்போது ஆறு வயது.

மறுநாள் காலை, புதிதாக இரண்டு பந்து கேட்டு எழுதச் சொன்னீர்கள். அதற்குப் பதில் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். கையெழுத்துப் போட்டீர்கள்.

தலைமையாசிரியர் அதை உங்களிடம் காட்டியிருப்பார். அன்று சீக்கிரமே வந்து, கால் கழுவிவிட்டு, பந்தைத் துடைத்து டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினீர்கள். அடுத்த நாளிலிருந்து ஸ்டெல்லாவை நீங்களே கைபிடித்து வாய்க்கால் கரையோடு கூட்டிப் போனீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லையே, எப்படித் தெரிந்தது? அதற்குப் பிறகும் நான் எழுதியவற்றைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டீர்கள். அது மன்னிப்பா, தண்டனையா? கேட்கத் தைரியம் வரவில்லை. நீங்களும் போய்விட்டீர்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நிறுத்த வைத்தது பண்ணைவீட்டுக்காரர். ‘வேறுபட்ட குடும்பங்கள்’ என்ற சொற்களை அவர் சொல்லித்தரவில்லை. அவை என் பேனாவிலிருந்து வந்தவை. ஆட்டம் முடிந்து தண்ணீர் கேட்டு வரும் செல்லையனுக்கும் மற்றவர்களுக்கும் நான் தனியாக ஓர் அலுமினியக் குவளை வைத்திருந்தேன். மாதா கோயில் பூசைக்குத் தவறாமல் போகிறவள்தான் அதை வைத்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்களா?

இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஸ்டெல்லாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பண்ணைவீட்டுப் புள்ளதாம்மா இப்ப நூற்றாண்டு விழாக் கமிட்டித் தலைவர். நீங்க அங்க தனியா இருக்கீங்க. அப்பா பேரு கெட்டா கெட்டுட்டுப் போவட்டும், விடுங்க,” என்றாள். அவள் சொன்னதும் பயந்துதான். ஆனால் உங்கள் பெயர் எப்படிப் போனாலும் சரி என்று விடுவதற்கு எனக்கு உரிமை இல்லை. ஒரு முறை அப்படி விட்டவள் நான்.

செல்லையனைப் போனில் கூப்பிட்டுக் கடைசிப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் நான் எழுதித் தருவதை அச்சிட வேண்டும் என்றேன்.

“என்னம்மா எழுதியிருக்கீங்க?”

“வந்து வாங்கிப் படிங்க.”

மூன்று மணிக்கு வருகிறார். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அவர் முகம் எப்படி மாறுமோ என்று பயப்படுகிறேன். பண்ணைவீட்டுக்காரர் முன்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. குவளையைப் பற்றிய வரிகளை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.

அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். எழுந்து போனால் தடுக்க மாட்டேன், மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்தக் கடிதத்தின் கீழே என் பெயர்தான் இருக்கிறது.

உங்கள் மனைவி,
ரோசலின்