இரண்டு படி தவிடு

மே 12, திங்கள்

கட்-ஆஃப் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். நேற்று வந்த அதே எண்தான். கால்நடை மருத்துவத்துக்குப் பொதுவில் எனக்கு இடம் கிடைக்காது. எல்லாம் வேதியியல் பண்ணிய வேலை. ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஜெயக்கொடி டீச்சர் போன் செய்தார். "ஏம்மா, எல்லையில உயிர் விட்டவங்க பிள்ளைங்களுக்குத் தனி இடம் இருக்குதே. பீஸ், ஹாஸ்டல், புஸ்தகம் எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க. உனக்கு இல்லாததா?" என்றார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. "ஐயோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மே 13

தெளிவாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் ஆபீசில் கேட்கும்போது எனக்கே குழம்பும்.

என்னைப் பெற்றவள் ரஞ்சிதம். அவளை அத்தை என்று கூப்பிடுகிறேன். என்னைப் பெற்றவர் இளவரசன், பட்டாளத்தில் நாயக் பதவி. எனக்கு நாலு வயதாகும்போது எல்லையில் குண்டு பட்டு இறந்தார். அவரை மாமா என்று கூப்பிட்டேன். எங்கள் மேல்சித்தாமூரில் ரைஸ்மில் வைத்திருக்கும் சாந்திகுமாரின் மனைவி அனந்தியை அம்மா என்று கூப்பிடுகிறேன். எல்லாம் எமனை ஏமாற்ற.

எனக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்று இருபது நாள் இருந்தது. இன்னொன்று ஏழு மாசம். மூன்றாவது நான். பிறந்த மூன்றாம் நாள் அத்தை என்னை முறத்தில் கிடத்தி அனந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு படி தவிடு வாங்கிக்கொண்டாள். பிள்ளை தங்காத வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். விற்ற பிள்ளை நம் பிள்ளை இல்லை, எமன் வந்து கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரை நம்முடையது என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது.

மற்ற வீடுகளில் சடங்கை முடித்துவிட்டு ஒரு மாசத்தில் மறந்துவிடுவார்கள். அத்தை எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. தூங்குவதும் எழுந்திருப்பதும் அத்தை வீட்டில்தான், ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெற்றோர் சாந்திகுமார், அனந்தி என்று எழுதச் சொன்னாள். மாமா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, பயம் இரண்டு மடங்கு. ஹெட்மாஸ்டர் ஊர்க்காரர், எழுதிவிட்டார். பன்னிரண்டு வருஷம் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது அனந்தியம்மா. பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பேர் சரியாக இருக்கிறது. பிள்ளை பேர் எழுதும் இடம் காலி. 'பெண்' என்று மட்டும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் மாமா படம் மாட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கு அத்தையை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். நான் கீழே உட்கார்ந்து மற்றவர்களோடு கை தட்டுவேன்.

மே 19, திங்கள்

விழுப்புரம், முன்னாள் படைவீரர் ஆபீஸ். நானும் அத்தையும். பொன்னுசாமி சார் என்று ஒருவர், பழைய சுபேதார். எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க நைனா பேர் இன்னாம்மா?"

"எந்த நைனா சார்?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தவிட்டுக் கதை முழுவதும் சொன்னேன். அத்தை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துவிட்டது.

அவர் சொன்னது: பிறப்புச் சான்றிதழில் இளவரசனுக்கு ஒரு பெண் இருக்கிறது, அதற்குப் பேர் இல்லை. மார்க் ஷீட்டில் மணிமொழி இருக்கிறாள், அவள் சாந்திகுமார் மகள். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு தாள் வேண்டும். இளவரசன் உயிரோடு இருந்தபோது ரெஜிமென்ட் ரெக்கார்டில் 'மகள் மணிமொழி' என்று எழுதிக் கொடுத்திருந்தால் போதும். "பட்டாளத்துல பிள்ளை பொறந்தா முதல் வேலை அதான்" என்றார். "கேட்டு எழுதுறேன். பதில் வரட்டும்."

"எழுதலன்னா சார்?"

"எழுதலன்னா நீ யாரோ, அவர் யாரோ."

கடைசித் தேதி ஜூன் 20.

மே 20

மத்தியானம் சோறு போடும்போது அத்தை சொன்னாள்: "எழுதியிருக்க மாட்டாரு."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதாதன்னேன். உனக்கு நாப்பது நாள், லீவு முடிஞ்சு கிளம்புறாரு, உன் தலை மேல அடிச்சு சத்தியம் வாங்கினேன்."

நாற்பது நாள் குழந்தை தலையில் ராணுவ வீரர் ஒருவர் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அதனால்தான் வேதியியல் வரவில்லை போல.

அவர் இறந்த பிறகு பென்ஷன் விஷயமாக வந்தவர்கள் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது நான் அவள் இடுப்பில் இருந்தேனாம். பக்கத்து வீட்டுக் குழந்தை என்றாளாம்.

மே 23, வெள்ளி

செஞ்சி ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஆயிரம் ஆடு இருக்கும். எந்த ஆட்டுக்கும் தகப்பன் பேர் கேட்கவில்லை.

மே 28

பதில் வரவில்லை.

மே 30

வரவில்லை. டீச்சர் பி.எஸ்சி. விலங்கியலுக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கச் சொன்னார். போட்டேன். அதில் தந்தை பெயர் என்ற இடத்தில் சாந்திகுமார் என்று எழுதினேன், கை பழகியபடி. அந்தக் காலேஜில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பேசாமல் அங்கேயே போய்விடலாம். ஆட்டைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக அறுத்துப் பார்க்கலாம்.

ஜூன் 2, திங்கள்

பொன்னுசாமி சார் வரச் சொன்னார். போனோம். ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

மகள். மணிமொழி. பிறந்த தேதி, என் தேதி. எழுதிக் கொடுத்த நாள், லீவு முடிந்து அவர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள்.

சத்தியம் செய்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். போய் இறங்கியதும் எழுதியிருக்கிறார். எமனைவிட ஆபீசுக்கு அதிகம் பயந்திருக்கிறார் என்றேன்.

"பயம் இல்லம்மா" என்றார் பொன்னுசாமி சார். "எழுதலன்னா ஆளு போனா பிள்ளைக்கு ஒண்ணும் சேராது. இது எங்க எல்லாருக்கும் தெரியும். வீட்ல சொல்ல மாட்டோம்." பிறகு அத்தையிடம், "படிப்புச் சலுகைக்கு ரெண்டு கடிதம் போட்டிருக்காங்களேம்மா?" என்றார்.

"இங்கிலீஷ்ல வந்துது சார். டிரங்குப் பெட்டியில வெச்சேன்."

பஸ்ஸில் அத்தை அழவில்லை. செஞ்சியில் இறங்கி ஊர் பஸ்ஸுக்காக நிற்கும்போதுதான் ஆரம்பித்தாள். "என்கிட்ட சத்தியம் பண்ணிட்டு அங்க போய் எழுதிட்டாரே. அதான். நீ இல்லன்னு நான் சொன்னேன். இருக்குதுன்னு அவரு எழுதினாரு. எமன் எழுதினவரைத் தூக்கிட்டான்."

பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் பார்க்க.

அப்போ நான் இன்னா பண்ணேன்? நான்தான் சாகடிச்சேனா? நாப்பது நாள் குழந்தை! எம் பேரை எழுதினதுக்கு ஒருத்தர் செத்தாருன்னா அந்தப் பேரை வெச்சுக்கினு நான் எப்படிப் பரீட்சை எழுதுறது, எப்படிச் சோறு துன்றது? கேட்டேன். அவ்வளவு பேர் நடுவுல கேட்டேன். அவ முந்தானையால மூக்கைச் சிந்திட்டு, "பஸ் வந்துருச்சு, ஏறு"ன்னா. ஏறினேன். இடம் இருந்துது. ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்தோம்.

ஜூன் 3

அந்தத் தாளின் நகலை நாலு தடவை படித்துவிட்டேன். 'உறவு: மகள்.' நாலு வயது வரை நான் அவரைப் போனில் மாமா என்று கூப்பிட்டேன். அவரும் "சொல்லு மருமகளே" என்பாராம். எழுதிவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறார்.

நைனா. எழுதிப் பார்த்தேன். சொல்லிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 5

இன்னும் ஒன்று பாக்கி. சாந்திகுமாரும் அனந்தியும் நோட்டரி முன்னால் 'மணிமொழி எங்கள் பிள்ளை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். மார்க் ஷீட் திருத்தம் மெல்ல வரும், இப்போதைக்கு அது போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அனந்தியம்மா வீட்டுக்குப் போனேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் வழக்கம், தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன்.

"என் வயித்துல பொறக்கலன்னு எழுதணும். அவ்ளோதானே? அது நிஜம்தானே" என்றார்கள். அதே தட்டை மறுபடி கழுவினார்கள். "அவரு போட்டுருவாரு. நான் யோசிச்சுச் சொல்றேன்."

அவர்களுக்கு இரண்டு பையன்கள், இருவரும் சென்னையில். பெண் நான் ஒருத்திதான்.

ஜூன் 7

ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 10

இன்றும் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால் 'சரி' என்று சொல்லிவிடுவார்களே என்றும் பயமாக இருக்கிறது. நான் ஒரு லூசு.

ஜூன் 12

தண்ணீர் பிடிக்கும்போது அனந்தியம்மா வந்து நின்றார்கள். "உங்க அத்தைகிட்ட சொல்லு. தவிடு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாங்கினது வாங்கினதுதான். சும்மா பேப்பர்ல பிள்ளையைத் திருப்பிக் குடுக்க முடியாது."

அத்தைக்கு முகம் தெளிந்துவிட்டது. அவளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம், கேட்கத் தைரியம் இல்லையாம். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எமன் என்ன செய்வான், பாவம்.

ஜூன் 13

தவிடு கிடைக்கவில்லை. அனந்தியம்மா மில்லிலேயே வாங்கினால் செல்லாது. செஞ்சியில் மூன்று மில்லில் கேட்டோம். எல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்கு லாரியில் போகிறதாம். "ரெண்டு படியா? ரெண்டு டன்னா?" என்று கேட்டான் ஒருவன். கடைசியில் தீவனக் கடை தனகோட்டி அண்ணன் சலித்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். என்னை வாங்க என்றேன்.

ஜூன் 16, திங்கள்

செஞ்சி கோர்ட்டு எதிரே நோட்டரி ஆபீஸ். அத்தை மடியில் மஞ்சள் பை, பையில் என் விலை.

சாந்திகுமார் ஐயா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அனந்தியம்மா பத்திரத்தை வாங்கி முழுவதும் சத்தமாகப் படித்தார்கள். "மேற்படி மணிமொழி எனக்குப் பிறந்தவள் அல்ல. அவள் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை." நிறுத்தினார்கள். "சார், இந்த ரெண்டாவது வரி எதுக்கு?"

"அது வழக்கமா வர்றதும்மா."

"முதல் வரி போதும். அதை எடுத்துடுங்க."

நோட்டரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மறுபடி டைப் அடிக்க அரை மணி நேரம் ஆனது.

பிறகு அனந்தியம்மா எழுந்து மடியை விரித்தார்கள். அத்தை இரண்டு கையாலும் தவிட்டை அள்ளிப் போட்டாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. முத்திரை மையிலும் விழுந்தது. "இதுக்கும் சீல் வைக்கணுமாம்மா?" என்றார் நோட்டரி. அனந்தியம்மா ஒரு கையால் மடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார்கள். ராங்க் கார்டில் போடுகிற அதே கையெழுத்து, கடைசிச் சுழியோடு.

வெளியே கோர்ட்டு வாசலில் ஒரு மாடு நின்றது. மடியை அதன் முன்னால் உதறினார்கள். பதினேழு வருஷமாக என் விலையாக இருந்ததை மாடு இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டது.

பஸ்ஸில் அனந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "இனிமே என்னை இன்னான்னு கூப்பிடுவ?"

"அம்மான்னுதான். வேற இன்னான்னு கூப்பிடுறது?"

"அது சரி" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோளில் தவிடு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஜூன் 18

சான்றிதழ் கையில். 'மறைந்த நாயக் இளவரசனின் மகள்.' பொன்னுசாமி சாரிடம் கேட்டேன்: எழுதினதால்தான் செத்தாரா?

"எங்க பட்டாளக் கம்பெனியில அத்தினி பேரும் எழுதினோம்மா. நான் மூணு பிள்ளை எழுதினேன். உக்காந்துட்டு இருக்கேன் பாரு."

வீட்டுக்கு வந்து இதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம் அரிசி புடைத்தாள். "மூணு பிள்ளையா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

ஜூன் 19

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. ஒரு நாள் மிச்சம்.

ஆகஸ்ட் 15

சால்வை போட்டார்கள். இந்தத் தடவை 'வீரரின் மகள்' என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அத்தை கீழேயே உட்காரச் சொல்லிக் கண்ணால் அதட்டினாள். ஏறினேன். அனந்தியம்மா முன்வரிசையில் கை தட்டினார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஹாஸ்டல். கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பீஸ் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நைனா கட்டியாயிற்று. உடற்கூறியலில் ஆட்டின் எலும்புகளை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். அதிலும் வேதியியல் வருகிறது.

காலையில் அனந்தியம்மா பேசினார்கள். சாயங்காலம் இன்னொரு போன்.

"நான்தான், அத்தை பேசுறேன்."

"சொல்லும்மா" என்றேன்.

வாய் தவறி வரவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்டியா?" என்றாள்.

"சாப்டேன்."

"இன்னா சாப்ட?"

"உப்புமா."

பிறகு குரலை இறக்கி, யாருக்கோ கேட்டுவிடும் என்பது மாதிரி, "மெதுவாச் சொல்லுடி" என்றாள்.

உப்புமாவைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன்.